காரணத்தை எழுத்தில் கொடுங்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊடகத்தையும் அரசையும் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செய்திச் சேனல் ஒன்று திடீரென்று பெட்டியில் தெரியாமல் போனால் சனங்கள் என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
(கேபிள் ஆபரேட்டர், ஸ்ரீமுஷ்ணம்)

"காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன், வந்ததும் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்கவும் செய்யுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வகுத்த விதிப்படி, ஒரு சேனலின் இணைப்பைத் துண்டிக்க நினைப்பவர் மூன்று வாரம் முன்கூட்டியே, காரணத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். கட்டண பாக்கியோ, ஒப்பந்தம் முடிந்ததோ, எதுவானாலும் தாளில் வந்தாக வேண்டும். தாள் வராமல் சேனல் மட்டும் மறைந்தால், அந்தக் காரணம் தாளில் எழுதக் கூச்சப்படும் காரணம் என்று நீங்களே முடிவுக்கு வரலாம்.

மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் கொடுத்தார்கள். ஏழை வீட்டில் டி.வி. ஓடியது. அதையும் குறை சொல்வீர்களா?
(குடும்பத் தலைவி, விருத்தாசலம்)

எழுபது ரூபாயைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் பெரிய நகரங்களில் கேபிள் சந்தை சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் பிடியில் இருந்தது. போட்டிச் சேனல்கள் மங்கலாகத் தெரிகின்றன, பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றன என்ற புகார் அப்போதே உண்டு. ஒரே குழுமத்திடம் சேனலும் இருந்து, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பியும் இருப்பது நல்லதல்ல. அதைக் கட்டுப்படுத்த அரசுக்குக் காரணம் இருந்தது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தேதிகளை.

2006 தொடக்கத்தில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, ஜெயலலிதா அரசு பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவை நிறைவேற்றியது. குறி சுமங்கலி என்பது சட்டமன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. ஆளுநர் பர்னாலா ஒப்புதல் தராமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். மே மாதம் ஆட்சி மாறியது, மசோதாவும் முடிந்தது.

மறு ஆண்டு 2007 மே 9. தினகரன் வெளியிட்ட கருத்துக்கணிப்பைத் தொடர்ந்து மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். கருணாநிதி குடும்பத்துக்கும், தினகரனையும் சன் குழுமத்தையும் நடத்தும் மாறன் குடும்பத்துக்கும் இடையே விரிசல். செப்டம்பரில் கலைஞர் டி.வி. தொடங்கியது. அக்டோபரில் அரசு கேபிள் டி.வி. கழகம் பதிவானது. கேபிளை அரசு எடுப்பது அராஜகம் என்று முந்தைய ஆண்டு பேசிய அதே கட்சியின் ஆட்சியில்தான். 2008 டிசம்பரில் குடும்பங்கள் சமாதானமாயின. கேபிள் கழகம் படுத்துக்கொண்டது. 2011 செப்டம்பர் 2-இல் ஜெயலலிதா அதை எழுப்பி நிறுத்தினார்: 90 சேனல், 70 ரூபாய், அதில் 20 ரூபாய் கழகத்துக்கு, மீதி ஆபரேட்டருக்கு. தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அந்தத் தொகுப்பில் இல்லை.

விருத்தாசலத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியில் எது தெரிய வேண்டும் என்பது, கோபாலபுரத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள், போயஸ் தோட்டத்தில் யார் மேல் கோபம் என்பதைப் பொறுத்திருந்தது. மலிவு விலை உங்களுக்குக் கிடைத்த நன்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையை உங்களுக்குக் கொடுக்க, எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆளுங்கட்சி தன் கையில் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. விலைக்கு உச்சவரம்பு போட்டிருந்தால் போதும்.

மாநில அரசுகளோ அரசியல் கட்சிகளோ ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று டிராய் 2008-இல் பரிந்துரைத்தது. 2012-இல் மறுபடி சொன்னது. டெல்லி அதைச் சட்டமாக்கவில்லை. 2017-இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமமும் கொடுத்தது. அ.தி.மு.க. தலைமை டெல்லியை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

சும்மா பொதுவாகப் பேசாதீர்கள். எந்தச் சேனல் மறைந்தது, எப்போது?
(ஆட்டோ ஓட்டுநர், ஆண்டிமடம்)

புதிய தலைமுறை. இரண்டு முறை, இரண்டு ஆட்சிகளில்.

2018 மே 22-இல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு. தமிழ்நாடே கொந்தளித்துக் கிடந்த அந்த ஜூன் மாதம், மக்கள் போராட்டங்களைப் பற்றி அந்தச் சேனல் கோவையில் ஒரு வட்டமேசை விவாதம் நடத்தியது. மேடையில் பேசியவர்கள் மீது மட்டுமல்ல, சேனல் மீதும் அதன் செய்தியாளர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. அரசு கேபிளில் அதன் எண் மாறி வெகுதூரம் பின்னால் போனது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் கண்டித்தார். கண்டித்தது சரி.

2025 அக்டோபரில், கரூர் நெரிசல் மரணங்களைப் பற்றிய செய்திகள் ஓடிக்கொண்டிருந்தபோது, அதே சேனல் அரசு கேபிளில் வரவில்லை என்ற புகார் எழுந்தது. எடிட்டர்ஸ் கில்டு கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. அப்போது முதலமைச்சர் ஸ்டாலின். 2018-இல் அவர் சொன்ன கண்டனத்தில் ஒரு வரிகூட மாற்றாமல் 2025-க்கும் பொருத்தலாம்.

இதெல்லாம் டெலிவிஷன் வந்த பிறகு பிடித்த நோய்தானே? அச்சுக் காலத்தில் இப்படி உண்டா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்)

உங்கள் ஊர்ச் சிறையைக் கேளுங்கள் ஐயா, அது சொல்லும்.

1908-இல் 'இந்தியா' பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை அங்கிருந்து வரத் தொடங்கியது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தை ஆங்கிலேயரால் தொட முடியவில்லை. அதனால் தபாலைத் தொட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் 'இந்தியா' வரக் கூடாது என்று தடை. வாசகரிடம் போய்ச் சேராத பத்திரிகை எத்தனை நாள் நிற்கும்? 1910-இல் நின்றது. அச்சிடுகிறவனை விட்டுவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியை அடைப்பது அன்றைக்கே தெரிந்த வித்தைதான். அன்று தபால் பை, இன்று செட்டாப் பாக்ஸ்.

1918 நவம்பர் 20-இல் பாரதி எல்லையைத் தாண்டியதும் கைதானார். கடலூர்ச் சிறையில் இருந்து டிசம்பர் 14-இல் வெளியே வந்தார். இனி எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிவிட்டு வெளியிட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அவர் மறைந்து ஏழு ஆண்டு கழித்து, 1928-இல், சென்னை அரசாங்கம் அவருடைய பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்துப் போராடினார். நம் மாவட்டத்துப் பிள்ளைகளை ஒருமுறை அந்தச் சிறையைப் பார்க்கக் கூட்டிப்போங்கள்.

சுதந்திரம் வந்த பிறகு வந்த முதல் பெரிய பத்திரிகைச் சுதந்திரத் தீர்ப்பு எது?
(சட்டக் கல்லூரி மாணவி, விழுப்புரம்)

ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம், 1950 மே 26. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று 1949-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டித் தடுத்தது நம் மாநில அரசு. பாருங்கள், மறுபடியும் நுழைவைத்தான் அடைத்தார்கள். விநியோகிக்கும் உரிமை இல்லாமல் எழுதும் உரிமைக்குப் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நேரு அரசு தீர்ப்பை ஏற்று அடங்கவில்லை. மறு ஆண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சுரிமைக்கான வரம்புகளில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்தது. பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். பிறகு வந்த பல தடைகள் அந்தக் கதவு வழியாக நுழைந்தவை.

செராமிக் கம்பெனியில் பொம்மை வார்க்கிற வேலை. நாள் முழுக்க எஃப்.எம். ஓடுகிறது. பாட்டு வருகிறது, விளம்பரம் வருகிறது, செய்தி மட்டும் வருவதில்லை. ஏன்?
(தொழிலாளி, விருத்தாசலம்)

தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. ஆகாசவாணி செய்தியை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் இதே கட்டு. தனியார் டி.வி. இருபத்துநாலு மணி நேரமும் செய்தி போடலாம், பத்திரிகை போடலாம், வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு. பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரசு காரணம் சொல்கிறது. டி.வி. சொன்னால் வராத ஆபத்து வானொலி சொன்னால் எப்படி வரும் என்பதற்கு இதுவரை பதில் இல்லை.

எனக்குத் தெரிந்த பதில் இது. வேலையை நிறுத்தாமல் கேட்கக் கூடியது வானொலி. படிக்கத் தெரியாதவருக்கும் போகும், கரண்ட் இல்லாத வயல்வெளிக்கும் போகும். உங்களைப் போல இரண்டு கையும் மண்ணில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும் ஒரே வழியை அரசு தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கட்சி டெல்லியில் உட்கார்ந்தாலும் இந்த விதியை எடுக்கவில்லை. அலைவரிசை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. உங்கள் சொத்தில் உங்களுக்குச் செய்தி கிடையாது என்பதை நான் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

விகடன் மீது கை வைத்தவர்களில் யார் மோசம்? 1987-ஆ, 2025-ஆ?
(வாசகர், திட்டக்குடி)

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றி ஒரு நகைச்சுவை வந்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன். சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கைது செல்லாது என்று 1994-இல் தீர்ப்பும், ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அந்த ஆயிரம் ரூபாய் தமிழ்ப் பத்திரிகையுலகம் வாங்கிய பெரிய பரிசுகளில் ஒன்று.

2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பிய நேரத்தில், ட்ரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூனை விகடன் பிளஸ் வெளியிட்டது. தமிழக பா.ஜ.க. தலைவர் புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு கார்ட்டூனுக்காக, அதற்குச் சம்பந்தமே இல்லாத அத்தனை பக்கங்களும் சேர்ந்து மூடப்பட்டன. அப்போது விகடன் கையில் எந்த உத்தரவும் இல்லை. மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, வழக்கு முடியும்வரை கார்ட்டூனை மட்டும் எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டது.

என் தீர்ப்பு: 2025 மோசம். 1987-இல் தண்டித்தவர் சபையில், எல்லோரும் பார்க்க, தன் பெயரில் தண்டித்தார். அதனால் எதிர்த்துக் குரல் எழுப்ப ஒரு முகவரி இருந்தது, வழக்குப் போட ஓர் ஆவணம் இருந்தது. 2025-இல் முதலில் தளம் மறைந்தது, பிறகுதான் அரசின் பெயர் வெளியே வந்தது.

சட்டமன்ற உரிமை மீறல் என்ற ஆயுதமும் இன்னும் உறையில்தான் இருக்கிறது. 2003 நவம்பர் 7-இல் 'தி இந்து'வைச் சேர்ந்த ஐந்து பேருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று நம் சட்டமன்றம் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் மூன்று நாளில் தடுத்தது. அந்த உரிமைகள் எவை என்று இன்றுவரை சட்டமாக எழுதிவைக்கப்படவில்லை.

அவதூறு வழக்கு போடுவது முதலமைச்சருக்கும் உள்ள உரிமைதானே?
(வழக்கறிஞர், சிதம்பரம்)

தனி மனிதராக, சொந்தக் காசில் போட்டால் உரிமை. அரசு வழக்கறிஞரை வைத்து, மக்கள் பணத்தில் போட்டால் மிரட்டல். ஜெயலலிதா ஆட்சியின் ஐந்தாண்டில் 213 வழக்குகள், அவற்றில் 55 ஊடகங்கள் மீது என்று 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் கணக்கு வந்தது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர்கள் மீதான 28 வழக்குகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. 2021-இல் தி.மு.க. அரசு ஊடகத்தினர் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு மனமாரப் பாராட்டு. ஆனால் வழக்குப் போட உதவும் சட்டப்பிரிவை நீக்கச் சொல்லி அதே வேகத்தில் அது டெல்லியை நெருக்கவில்லை. அடுத்து வருகிறவருக்கும் அந்தப் பிரிவு அப்படியே காத்திருக்கிறது.

அரசு விளம்பரம் நின்றால் என் பத்திரிகையும் நிற்கும். எனக்கு என்ன சொல்கிறீர்கள்?
(சிறு பத்திரிகை நடத்துபவர், நெய்வேலி)

அந்தப் பணம் அமைச்சருடையதல்ல, வரி கட்டுகிறவருடையது என்று சொல்கிறேன். சாதகமான செய்திக்காக அரசு விளம்பரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2015 மே 13 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நெறிகளில் ஒன்று. எல்லோரும் அதில் நினைவு வைத்திருப்பது யார் படம் போடலாம் என்பதை மட்டும்தான். முதலமைச்சர் படமும் வேண்டும் என்று மறுஆய்வு கேட்டுப் போன மாநிலங்களில் நம்முடையதும் உண்டு, 2016-இல் அனுமதியும் வாங்கினார்கள். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு விளம்பரம், எந்த அளவுகோலில் என்று மாதாமாதம் வெளியிடச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தனியாகப் போடப் பயமாக இருந்தால் பத்துப் பத்திரிகைக்காரர்கள் சேர்ந்து போடுங்கள்.

நெருக்கடி நிலைத் தணிக்கையை மீறிச் செய்தி சொன்னது உண்டா?
(கல்லூரி மாணவர், காட்டுமன்னார்கோவில்)

உண்டு. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசாவில் உள்ளே போனார்கள். யார் யார் கைது என்று அச்சிடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று 'முரசொலி' ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் போட்டது. படித்த தொண்டர்களுக்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று புரிந்துபோனது. அந்தத் துணிச்சலை நேசிக்கிறேன். அதே காரணத்தால்தான் அந்த இயக்கத்தின் ஆட்சியில் ஒரு சேனல் மறையும்போது எனக்கு மற்றவர்களை விட அதிகம் வலிக்கிறது.

பொய்ச் செய்தி கலவரம் மூட்டுகிறது. அரசு சும்மா இருக்க முடியுமா?
(காவல்துறையில் ஓய்வுபெற்றவர், பண்ருட்டி)

சும்மா இருக்க வேண்டாம். பொய் என்றால் சரியான தகவலை உடனே, எல்லோருக்கும் தெரியச் சொல்லட்டும். ஆனால் அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே தீர்ப்புச் சொல்லி, அதை வைத்து நீக்க வைக்கவும் செய்தால், வழக்கில் எதிர்வாதியே நீதிபதி நாற்காலியிலும் உட்காருகிறார். 2023-இல் மத்திய அரசு விதியைத் திருத்திக் கொண்டுவந்த உண்மை சரிபார்ப்புப் பிரிவை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023-இல் ஒரு சரிபார்ப்புப் பிரிவு தொடங்கியது. அது விளக்கம் சொல்வதோடு நிற்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அது காட்டிக்கொடுக்க, போலீஸ் வழக்குப் போட என்று ஆனால், டெல்லிக்கு நான் சொன்னதே கோட்டைக்கும்.

வளையமாதேவியில் விளைந்த நெல்லில் இயந்திரம் இறங்கியதை நாங்கள் போனில் எடுத்துப் போட்டோம். இனி அதற்கும் லைசென்ஸ் கேட்பார்களா?
(விவசாயி, சேத்தியாத்தோப்பு)

கேட்க முயன்றார்கள். 2023 ஜூலை 26-இல் என்.எல்.சி. கால்வாய் வேலைக்காகக் கதிர் பிடித்த வயலைப் புரட்டியது ஊருக்குத் தெரிந்ததில் உங்களைப் போன்றவர்களின் போனுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நவம்பரில் மத்திய அரசு ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவை வெளியிட்டது. 2024 ஜூலையில் அதன் புது வரைவு சிலருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டது. நடப்புச் செய்திகளைத் தொடர்ந்து வீடியோவாகப் போடும் தனி ஆட்களையும் ஒளிபரப்பாளர் கணக்கில் சேர்த்து, அரசிடம் பதிவு, சொந்தச் செலவில் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் குழு என்றெல்லாம் அதில் இருந்ததாகச் செய்தி கசிந்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் யூடியூப் பேச்சாளர்கள் ஆளுங்கட்சிக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், ஜூலையில் ஏன் அவசரம் வந்தது என்பது விளங்கும். ஒரே ஒரு வீடியோ போட்ட விவசாயியை அது தொட்டிருக்காது. உங்கள் வீடியோவை எடுத்துப் பேசிய உள்ளூர்ச் சேனல்காரரைத் தொட்டிருக்கும். மசோதா வேறு பெயரில் வரலாம், கவனியுங்கள்.

என் மகன் மலேசியாவில் இருக்கிறான். அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை என்கிறானே?
(ஒரு தந்தை, ஸ்ரீமுஷ்ணம்)

1987 அக்டோபரில் அங்கே ஒரே மூச்சில் பல பத்திரிகைகளின் அச்சு உரிமம் பறிக்கப்பட்டது. அதற்கு வழிவிட்ட அச்சகச் சட்டம் 1984-ஆம் ஆண்டுடையது. மகனை விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெல்லியில் மூடிய உறை என்கிறார்களே, அது என்ன?
(அஞ்சல் ஊழியர், விருத்தாசலம்)

2022 ஜனவரி 31-இல் கேரளத்தின் 'மீடியாஒன்' சேனலுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. காரணம் தேசப் பாதுகாப்பு. அதன் விவரத்தை மூடிய உறையில் நீதிபதியிடம் மட்டும் காட்டினார்கள், சேனலுக்குக் காட்டவில்லை. கேரள உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-இல் அதைத் தள்ளிவிட்டு, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலே நியாயமான விசாரணை தேவையில்லை என்றாகிவிடாது என்றது. குற்றம் என்னவென்று தெரியாதவர் எதற்குப் பதில் சொல்வார்?

சரி, அரசு கேபிளை என்னதான் செய்ய வேண்டும்? மூடிவிடலாமா?
(இன்னொரு கேபிள் ஆபரேட்டர், ஸ்ரீமுஷ்ணம்)

மூட வேண்டாம். மூடினால் பெரிய தனியார் நிறுவனத்தின் காலடியில் நீங்கள்தான் விழுவீர்கள். நிர்வாகத்தை அரசிடமிருந்து பிரித்து, ஆபரேட்டர்கள், சந்தாதாரர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கொண்ட வாரியத்திடம் கொடுக்கலாம். சேனல்களின் எண் வரிசை எந்த விதிப்படி என்று எழுதி இணையதளத்தில் போட வேண்டும். எந்தச் சேனலை எப்போது சேர்த்தார்கள், நகர்த்தினார்கள், எடுத்தார்கள், யார் கையெழுத்தில், என்ன காரணத்தால் என்ற பதிவேடு எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கட்சி, முதலமைச்சர் குடும்பம், அமைச்சர் குடும்பம் நடத்தும் சேனல்களுக்கு முன்வரிசை கிடையாது என்று விதியிலேயே எழுதட்டும். இதற்குத் தேவை ஓர் அரசாணை, கோடிகள் அல்ல. உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கும் எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள்.